5.6-க்கும் 5 அடி 6 இன்ச்சுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர்

ஒரு சின்னக் கேள்வி. 5.9, 5.10. இதுல எது பெருசு?

கணக்கு நோட்டில் என்றால் 5.9. ஆள் உயரம் என்றால் 5.10. ரெண்டு பதிலும் சரிதான், அதுதான் பிரச்சினையே. "ஃபைனல் இயர் வந்து அடி, இன்ச் பாடமா"ன்னு சிரிக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நானும் சிரிச்சவன்தான்.

எங்க ஊர் ஆரணி. விடியற்காலையில் கோட்டை மைதானம் பக்கம் போனால் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுற பசங்களைப் பார்க்கலாம். அதில் என் பெரியம்மா பையனும் ஒருத்தன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். பகலில் வீட்டுக் குழித்தறியில் பட்டுச் சேலை நெய்வான், காலையில் ஓடுவான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167 செ.மீ. அண்ணனுக்கு 170 வேணும்.

வீட்டுச் சுவரில் நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்க வைத்து, பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்து வீட்டு மேஸ்திரி மாமாவோட டேப்பில் அளந்தால் சரியா 5 அடி 6 இன்ச். "செ.மீ.ல எவ்ளோடா வருது? நீதான இன்ஜினியரிங் படிக்கிற"ன்னு கேட்டான். நான் போனை எடுத்தேன். ஒரு அடி 30.48 செ.மீ. என்பது எனக்கு மனப்பாடம். 5.6 × 30.48 போட்டேன். 170.69 வந்தது. "170 போதும்ணா, உனக்கு 7 மில்லிமீட்டர் கூடவே இருக்கு"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் நாலு மாசம் தறியில் பாதி நேரம்தான் உட்கார்ந்தான். எழுத்துத் தேர்வில் பாஸானான். 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்ல. ஆனால் ஓட விடுறதுக்கு முன்னாடியே உயரம் அளப்பாங்க. அவனுக்கு வந்தது 167.6.

வீட்டுக்கு வந்து என்கிட்ட கோபப்படலை. "தம்பி, அந்தக் கணக்கை இன்னொரு வாட்டி போடேன்"னு மட்டும் சொன்னான்.

என்ன தப்பு நடந்தது?

5 அடி 6 இன்ச்சை நான் 5.6 என்று எழுதினேன். புள்ளிக்குப் பிறகு வரும் 6 என்பது பத்தில் ஆறு பங்கு. ஆனால் ஒரு அடிக்கு இன்ச் பத்து இல்லை, பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆறு என்பது பாதி. அப்போ 5 அடி 6 இன்ச் என்பது 5.5 அடி. 5.5 × 30.48 = 167.64. அரசாங்கத்தின் அளவுகோல் சரி, சுவரின் பென்சில் கோடும் சரி. என் புள்ளி மட்டும்தான் தப்பு. அந்தப் புள்ளியோட விலை 3.05 செ.மீ.

இதில் மோசமான தற்செயல் ஒன்று இருக்கு. 170 என்ற வரம்பை 5 அடி 6 இன்ச் ஆள் தாண்டவே முடியாது, ஆனால் 5.6 என்று போட்டால் தாண்டிவிட்ட மாதிரி காட்டும். 167 என்ற வரம்பிலும் இதே கதை. 5 அடி 5 இன்ச் உள்ளவரின் உண்மையான உயரம் 165.1 செ.மீ. 5.5 × 30.48 என்று போட்டால் 167.64 வந்து "பாஸ்" என்று சொல்லும். ரெண்டு வரம்பும் சரியாக இந்தப் பொறியின் மேலேயே உட்கார்ந்திருக்கு.

திருப்பிப் போட்டாலும் தப்பிக்க முடியாது. 170-ஐ 30.48-ஆல் வகுத்தால் 5.58. "ஓ, 5.6 தானே, அப்போ அஞ்சடி ஆறு இன்ச் போதும்" என்று தோணும். ஆனால் அந்த 0.58 அடியை 12-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 7 இன்ச். துல்லியமா 170 செ.மீ. என்பது 5 அடி 6.93 இன்ச். 5 அடி 7 இன்ச் ஆள் 170.18 செ.மீ., அதாவது ரெண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் உள்ளே போவார். அதனால் போலீஸ் வேலைக்குத் தயாராகும் நண்பர்கள் இருந்தால் அடிக் கணக்கையே மறந்துட்டு, செ.மீ. பக்கத்தில் நேரா அளக்கச் சொல்லுங்க. டேப்பில் ரெண்டும் இருக்கு. நான் அன்னைக்கு டேப்பைத் திருப்பிப் பார்த்திருந்தாலே போதும்.

சரியான வழி

எனக்கு இப்போ பழகிப்போன வழி இது. முதலில் எல்லாத்தையும் இன்ச்சாக்கு, அப்புறம்தான் மத்தது. 5 அடி 6 இன்ச் என்றால் 5 × 12 = 60, அதோட 6, மொத்தம் 66 இன்ச். 66 × 2.54 = 167.64. புள்ளியே வராததால் தப்பு நுழைய இடமில்லை. திரும்பி வரும்போது, செ.மீ.-ஐ 2.54-ஆல் வகுத்து இன்ச்சாக்கி, அதில் எத்தனை 12 இருக்கு என்று எடுத்துவிட்டு மீதியை இன்ச்சாக வை. 180 செ.மீ. என்றால் 70.87 இன்ச். அதில் அஞ்சு பன்னிரண்டு 60. மீதி 10.87. ஆக 5 அடி, கிட்டத்தட்ட 11 இன்ச்.

2.54 என்பது தோராயம் இல்லை. 1959 ஜூலை 1 முதல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறும் சேர்ந்து ஒரு கஜம் என்பது சரியா 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதை 36-ஆல் வகுத்தால் ஒரு இன்ச் சரியா 25.4 மில்லிமீட்டர். அதனால் 2.54-க்குப் பின்னால் எழுதாமல் விட்ட இலக்கம் எதுவும் கிடையாது. பரீட்சையில் 2.5 என்று போட்டால் மார்க் போகுமா தெரியாது, 66 இன்ச்சில் 2.64 செ.மீ. போகும்.

புள்ளி போட்டு எழுதுற பழக்கம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். 1 இன்ச்சிலிருந்து 9 இன்ச் வரைக்கும் அளவைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு இன்ச்சுக்கும் 0.2 இன்ச் கூடும். 6 இன்ச்சில் 1.2 இன்ச், 9 இன்ச்சில் 1.8 இன்ச். 10 வந்ததும் அப்படியே தலைகீழ். 5.10 என்பது கால்குலேட்டருக்கு 5.1 அடி, அதாவது 5 அடி 1.2 இன்ச். 8.8 இன்ச் காணாமல் போகுது. 5.11 போட்டால் 9.68 இன்ச் காணோம்.

இதுக்கு சாட்சி எங்க டிபார்ட்மென்ட் வாலிபால் டீம். ஜெர்சி ஆர்டருக்கு கூகுள் ஷீட்டில் எல்லாரும் உயரம் போட்டாங்க. எங்க உயரமான பிளேயர் 5.10 என்று அடித்தான். ஷீட் கடைசி பூஜ்யத்தைத் தூக்கிவிட்டு 5.1 ஆக்கியது. உயர வரிசைப்படி அடுக்கினவன், முதல் ஆளுக்கு ஸ்மால் சைஸ் என்று ஆர்டர் கொடுத்துட்டான். அந்த ஜெர்சி இப்போ அவன் தங்கச்சிகிட்ட இருக்கு.

அஞ்சரை

யோசிச்சுப் பார்த்தால் இந்தத் தப்பை எங்க தெருவில் யாரும் செய்யமாட்டாங்க. மேஸ்திரி மாமா சிமென்ட் பை மேல எழுதும்போது 10-6 என்று நடுவில் கோடு போட்டுத்தான் எழுதுவார். வாயால் சொன்னால் "பத்தரை அடி". என் பாட்டி அண்ணனைப் பார்த்திருந்தால் "அஞ்சரை அடி இருப்பான்"னு சொல்லியிருக்கும். அந்த அஞ்சரையை நான் கால்குலேட்டரில் போட்டிருந்தால் 5.5 என்று போட்டிருப்பேன், கணக்கு சரியா வந்திருக்கும்! இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு "ஃபைவ் சிக்ஸ்" என்றுதான் மண்டையில் ஓடியது. அது 5.6 ஆகிவிட்டது.

கால், அரை, முக்கால் என்று நாம பேசுறது அடிக்கணக்குக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. கால் அடி 3 இன்ச், அரை அடி 6, முக்கால் அடி 9. டெசிமலில் 0.25, 0.5, 0.75. இந்த மூணையும் நங்கூரமா வச்சுக்கிட்டால் மத்த இன்ச்செல்லாம் பக்கத்திலேயே. ஒரு இன்ச் 0.083 அடி. 7 இன்ச் என்றால் 0.5-ஓட 0.083, அதாவது 0.583. 10 இன்ச் என்றால் 0.75-ஓட 0.083, அதாவது 0.833.

பன்னிரண்டு என்ற எண்ணைக் கிண்டல் பண்றதும் நியாயமில்லை. 2, 3, 4, 6 எல்லாத்தாலும் மீதியில்லாமல் வகுபடும். ஒரு அடியை மூணா பிரிச்சால் நாலு நாலு இன்ச். ஒரு மீட்டரை மூணா பிரிச்சால் 33.333 என்று ஓடிக்கிட்டே இருக்கும். மரத்தில் கோடு போடுற ஆசாரிக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்க.

இன்ச்சுக்குக் கீழேயும் நம்ம ஊர் அளவு ஒன்று இருக்கு, நூல். ஆசாரி, மேஸ்திரி, கம்பி கட்டுறவர் எல்லாருக்கும் எட்டு நூல் ஒரு இன்ச். ஒரு நூல் என்பது அரைக்கால் இன்ச், 3.175 மில்லிமீட்டர். சைட்டில் "மூணு நூல் கம்பி" என்றால் டிராயிங்கில் 10 மி.மீ. கம்பி. "நாலு நூல்" 12 மி.மீ., "அஞ்சு நூல்" 16 மி.மீ. நாலு நூலைப் பெருக்கிப் பார்த்தால் 12.7 வரும், ஆனால் கடையில் வர்றது 12. பெயர் பழசு, கம்பி புதுசு. இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் சிவில் ஜூனியர்கள் இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நான் முதல் நாள் "நூல்" என்றதும் தறி நூல் என்று நினைச்சு முழிச்சேன். ஆரணிக்காரன் வேற என்ன நினைப்பான்?

மனைக் கணக்கு

உயரத்தில் போனால் ஒரு வேலை போகும். மனையில் ரெண்டு பக்கத்தையும் பெருக்குறதால் தப்பும் பெருகும். 20 அடி 6 இன்ச்சுக்கு 40 அடி 9 இன்ச் மனை என்று வச்சுக்குவோம். சரியான கணக்கு 20.5 × 40.75 = 835.375 சதுர அடி. புள்ளிக்காரன் போடுறது 20.6 × 40.9 = 842.54. ஏழு சதுர அடிக்கு மேல கூட வருது. சதுர அடி 2,000 ரூபாய் என்று விலை வச்சுக்கிட்டால், இல்லாத இடத்துக்கு 14,330 ரூபாய் கொடுப்போம்.

விக்கிறவருக்கும் நட்டம் வரலாம். 30 அடி 11 இன்ச்சுக்கு 40 அடி இடத்தை 30.11 × 40 என்று போட்டால் 1204.4. உண்மையில் 1236.67. 32 சதுர அடி கையை விட்டுப் போகுது. அதனால் வாங்கினாலும் வித்தாலும் கணக்குப் போட்ட தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்க. 11-க்குப் பதில் 0.11 இருக்கா என்று பார்க்க அரை நிமிஷம் போதும்.

835.375-இல் வரும் .375-ஐ "மூணே முக்கால் இன்ச்" என்று படிக்கிறவங்களும் இருக்காங்க. பரப்பளவில் 12 கிடையாது, 12 × 12. ஒரு சதுர அடிக்கு 144 சதுர இன்ச். .375 என்பது 54 சதுர இன்ச்.

இன்னொரு குழப்பம் பட்டா. பத்திரத்தில் சதுர அடியும் சென்ட்டும் பேசுவாங்க, பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி, சென்ட்டில் 2.47. நம்ம 835.375 சதுர அடி மனை 1.92 சென்ட், 77.6 சதுர மீட்டர், பட்டாவில் ஒரு ஏர்கூட முழுசா வராது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துடுச்சு. காகிதம் மாறிடுச்சு, வாய் மாறலை.

தறிப் பக்கம்

இவ்வளவு சொல்லிட்டு ஆரணிச் சேலையைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

ஆறு கஜம் சேலை என்கிறோம், கடை லேபிளில் 5.5 மீட்டர் என்று இருக்கும். ரெண்டும் ஒண்ணா? ஒரு கஜம் 36 இன்ச், ஆறு கஜம் 216 இன்ச். 5.5 மீட்டரை 2.54-ஆல் வகுத்தால் 216.5 இன்ச். வித்தியாசம் அரை இன்ச்தான். அதனால்தான் பாட்டி சொன்ன ஆறு கஜமும் லேபிளின் 5.5 மீட்டரும் சண்டை போடாமல் இருக்கு. ரவிக்கைத் துணி 80 செ.மீ. சேர்ந்தால் மொத்தம் 6.3 மீட்டர்.

இந்த 6.3-ஐ அடியாக்கணும். 3.28-ஆல் பெருக்கினால் 20.66. இதை "இருபது அடி ஆறு இன்ச்" என்று படிச்சால் ரெண்டு இன்ச் குறையும், ஏன்னா 0.66 அடி என்பது 8 இன்ச். சிலர் சுலபத்துக்கு 3.3-ஆல் பெருக்குவாங்க. அப்போ 20.79, அதாவது இருபது அடி ஒன்பதரை இன்ச், ஒன்றரை இன்ச் கூட. ஒரு சேலையில் ஒன்றரை இன்ச் பெருசா தெரியாது. ஒரே பாவில் மூணு சேலை என்றால் நாலரை இன்ச் ஆகும். பட்டு நூலில் அது காசு.

அகலத்தில் இன்னும் நுணுக்கம். பாவு இழைகள் நுழைஞ்சு வரும் சீப்பு மாதிரியான ரீடுக்கு நம்பர் இருக்கும். அந்த நம்பர் ரெண்டு இன்ச்சில் எத்தனை பல் என்பதைச் சொல்லும். 60 நம்பர் ரீடு என்றால் ரெண்டு இன்ச்சுக்கு 60 பல், ஒரு இன்ச்சுக்கு 30. ஒரு பல்லுக்கு ரெண்டு இழை விட்டால் இன்ச்சுக்கு 60 இழை. 48 இன்ச் அகலத்துக்கு 2,880 இழை. இப்போ ஒருத்தர் 4 அடி 2 இன்ச் அகலம் கேட்டு, அதை 4.2 அடி என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? 50 இன்ச்சுக்குப் பதில் 50.4 இன்ச். 24 இழை கூட ஏத்தணும். நெய்யுறவங்க கணக்கு முழுக்க இன்ச்சிலேயே இருக்கிறதுக்குக் காரணம் எனக்கு இப்பதான் புரியுது. ஒரே அலகில் நின்னால் மாத்தவே வேண்டியதில்லை, மாத்தாத இடத்தில் தப்பும் இல்லை.

அண்ணன் இப்போ தறியில்தான் இருக்கான். தறிவீட்டுச் சுவரில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கு, பக்கத்தில் அவனே 167.64 என்று எழுதி வச்சிருக்கான். அவன் தம்பி, பதினேழு வயசு, போன வாரம் அதே சுவரில் நின்னான். இந்த முறை டேப்பை செ.மீ. பக்கம் திருப்பித்தான் பிடிச்சேன். 171.

போட்டுப் பாருங்க

கால்குலேட்டர் எடுக்கலாம், புள்ளி மட்டும் பார்த்துப் போடுங்க. முதலாவது, 6 அடி 9 இன்ச் கதவு நிலை எத்தனை செ.மீ.? ரெண்டாவது, 162 செ.மீ. உயரம் உள்ள தோழி எத்தனை அடி, எத்தனை இன்ச்? மூணாவது, 12 அடி 10 இன்ச்சுக்கு 9 அடி 3 இன்ச் அறை. ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ் போடணும். வெட்டு, உடைசல் சேர்க்காமல் எத்தனை டைல்ஸ்?

விடை: முதலாவது 81 இன்ச், 205.74 செ.மீ. ரெண்டாவது 63.78 இன்ச், அதாவது 5 அடி மூணே முக்கால் இன்ச். மூணாவது 154 இன்ச்சை 111 இன்ச்சால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 118.7 சதுர அடி, 30 டைல்ஸ். உங்களுக்கு 112.53 சதுர அடி, 29 டைல்ஸ் என்று வந்திருந்தால் 12.10 × 9.3 போட்டிருக்கீங்க. மேல இருந்து இன்னொரு தடவை படிங்க.